ஒரே மாத்திரையில் எத்தனை மருந்து?

குடும்ப நலம்



நம் இல்லங்களில் மருந்துப் பெட்டி என்று ஒன்று இருக்குமானால், அதில் காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாகத் தவறாமல் இடம்பெறுவது வயிற்றுவலி மாத்திரையே. விருந்துண்ட இரவில் வயிறு முறுக்கினாலும், மகளுக்கு மாதவிலக்கு வலி என்றாலும், வயதான மாமனாருக்கு வாயுத் தொல்லை என்றாலும் நம் கை அந்த அட்டையைத்தான் நாடுகிறது. விழுங்கிய சிறிது நேரத்தில் வலி தணிந்தும் விடுகிறது. இதனால் சுக்கு, ஓமம் போல இதுவும் வீட்டுச் சரக்குகளுள் ஒன்று என்றே பலரும் கருதிவிட்டனர்.

ஆனால் இம்மாத்திரைகளுள் பெரும்பாலானவை கூட்டு மருந்துகள். குடலின் இசிவைத் தளர்த்தும் மருந்து ஒன்று. அதனோடு வலியைத் தணிக்கும் மருந்தோ, மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தோ மற்றொன்று. சிலவற்றில் மூன்று மருந்துகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குணமும் தனித்தனிக் கட்டுப்பாடும் இருக்கின்றன. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் இவற்றை உட்கொள்ளலாகாது என்பதை விளக்குவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

இசிவும் அதன் மருந்தும்

நாம் உண்ட உணவை முன்னோக்கித் தள்ளுவதற்காகக் குடலின் சுவர்களில் உள்ள தசைகள் ஓயாமல் சுருங்கி விரிந்துகொண்டிருக்கின்றன. இந்த இயக்கம் சீராக நடைபெறும்போது நாம் அதனை உணர்வதே இல்லை. ஏதேனும் ஒரு காரணத்தால் ஒரு பகுதி அளவுக்கு மீறி இறுகிச் சுருங்கினால் அதுவே இசிவு. விட்டு விட்டு முறுக்கிப் பிழிவது போன்ற வலி அதனால் எழுகிறது.

தசைகளைச் சுருங்கச் செய்யும் கட்டளையை நரம்புகள் ஒரு வேதிப் பொருளின் வாயிலாகவே அனுப்புகின்றன. ஆட்டோ லோவி என்னும் அறிஞர் 1921ஆம் ஆண்டில் தவளையின் இதயத்தைக் கொண்டு செய்த சோதனையால் இவ்வுண்மையை நிறுவினார். அப்பொருளுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். இதற்காக லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டைசைக்ளோமின், கிளிடினியம் போன்ற இசிவு நீக்கிகள் இந்த அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. கட்டளை சென்று சேராததால் குடல் தளர்கிறது, வலி தணிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசிட்டைல்கோலின் குடலுக்கு மட்டும் உரியதன்று. உமிழ்நீர் சுரப்பது, வியர்வை சுரப்பது, கண்மணி சுருங்குவது, சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுவது, மூளையில் நினைவு தெளிவாக இருப்பது ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே குடலுக்கென்று உட்கொண்ட மருந்து இவ்விடங்களையும் ஓரளவு தொட்டே தீரும்.

ஊமத்தங்காயைத் தின்றவர்களின் நிலையை நம் கிராமத்துப் பெரியவர்கள் நன்கறிவர். நா வறண்டு, கண்மணி விரிந்து, உடல் கொதித்து, புத்தி பேதலித்துப் பிதற்றுவார்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் முதலிய நச்சுப் பொருள்களும் அசிட்டைல்கோலினையே தடுக்கின்றன. மருத்துவர் அளவிட்டுத் தரும் இசிவு நீக்கி ஊமத்தை ஆகிவிடாது என்பது உண்மையே. எனினும் அளவு மீறினால் அது செல்லும் வழி அதே வழிதான். நா வறட்சி, பார்வை மங்கல், தலைசுற்றல், மலச்சிக்கல் ஆகியவை அவ்வழியின் முதற்படிகள்.

மூவகைக் கூட்டு

இனி, கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மூவகைக் கூட்டுகளைக் காண்போம். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மருந்துப் பெயர்களைக் கொண்டு இவற்றை இனம் கண்டுகொள்ளலாம். முன்புறம் பெரிதாக உள்ள வணிகப் பெயர் நமக்கு அதிகம் உதவாது. ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட மாத்திரையிலும் சொட்டு மருந்திலும் வெவ்வேறு மருந்துகள் இருப்பதுண்டு.

முதல் வகை, டைசைக்ளோமினும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. பாரசிட்டமால் நமக்கு நன்கு அறிமுகமான காய்ச்சல் மருந்து. ஆபத்தும் அந்த அறிமுகத்திலேயே இருக்கிறது. வயிற்றுவலிக்கு இம்மாத்திரையையும், காய்ச்சலுக்கு வேறொரு மாத்திரையையும், சளிக்கு மூன்றாவது மாத்திரையையும் ஒரே நாளில் உண்பவர், மூன்றிலும் பாரசிட்டமால் இருப்பதை அறிவதில்லை. நல்ல உடல்நிலையில் உள்ள வயது வந்தவருக்குக்கூட ஒரு நாளின் மொத்த அளவு 4 கிராமைத் தாண்டலாகாது. ஈரல் நோயாளிகளுக்கும் மது அருந்துவோருக்கும் எல்லை இதனினும் குறைவு. மீறினால் ஈரல் அழியும். அவ்வழிவு முதல் நாளில் வெளியே தெரிவதுமில்லை.

இரண்டாம் வகை, டைசைக்ளோமினும் மெஃபெனமிக் அமிலமும் சேர்ந்தது. மாதவிலக்கு வலிக்குப் பெண்கள் மிகுதியாக உட்கொள்வது இதுவே. மெஃபெனமிக் அமிலம் வலியை நன்றாகத் தணிக்கும். ஆனால் அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக் கூடியது. சிறுநீரகத்துக்குச் சுமை தருவது. குடற்புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதய நோயாளிகள், வலி மாத்திரை உண்டால் மூச்சிரைப்பு எழும் ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோர் இதனைத் தாமாக உட்கொள்ளலாகாது. கருவுற்ற பெண்களும், குறிப்பாகக் கருவுற்று 20 வாரங்களைக் கடந்தவர்கள், இதனைத் தவிர்க்க வேண்டும். வயிற்றில் எரிச்சலும் வலியும் என்று இம்மாத்திரையை உண்டு, அதனாலேயே புண்ணை வளர்த்துக்கொள்வோர் உண்டு. இந்திய மருந்துக்குறிப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மெஃபெனமிக் அமிலத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கையும் வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு, மருந்து தொடங்கிச் சில வாரங்களுக்குள், காய்ச்சலும் தோல் தடிப்பும் நெறிகட்டுதலும் உள்ளுறுப்புகளில் அழற்சியும் ஏற்படலாம் என்பதே அதன் சாரம். இம்மருந்தை உண்டவருக்கு உடலில் தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து தோன்றினால், மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண்பது கட்டாயம்.

மூன்றாம் வகையே நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டியது. இதில் கிளிடினியம் என்னும் இசிவு நீக்கியும், குளோர்டயாசிப்பாக்சைடு என்னும் மன அமைதி மருந்தும் உள்ளன. சிலவற்றில் டைசைக்ளோமினும் உடன் சேர்ந்திருக்கும். கவலையும் பதற்றமும் குடலைக் கலக்கும் என்பது அனைவரும் அறிந்ததே; தேர்வுக்குச் செல்லும் மாணவனைக் கேட்டால் சொல்வான். அந்த எண்ணத்தில்தான் இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்தனர். குளோர்டயாசிப்பாக்சைடு, லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலாரால் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் உருவாக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. டயசிபாம் முதலிய தூக்க மருந்துகளின் குடும்பத்தில் இதுவே மூத்தது.

இக்குடும்பத்தின் குணம் பழக்கப்படுத்துவது. சில வாரங்கள் நாள்தோறும் உண்டால் உடல் அதற்கு அடிமையாகிவிடும். பின்னர் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு ஆகியவை தோன்றும்; சிலருக்கு வலிப்பே வரக்கூடும். இவற்றைக் கண்டு அஞ்சி, "மாத்திரை இல்லாவிட்டால் வயிறு கெட்டுவிடுகிறது" என்று மீண்டும் அதனையே நாடுவோர் பலர். வயிற்றுக்கென்று ஒரு மாத்திரையைத் தொடங்கியவர், தாம் மனநல மருந்தொன்றுக்குப் பழகிவிட்டதை ஆண்டுக்கணக்கில் அறியாமலே இருந்துவிடலாம். இம்மருந்துக் குடும்பம் முழுவதற்கும், பழக்கமும் நிறுத்தும்போது எழும் துன்பமும் குறித்த கடுமையான எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டுமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 2014ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த 'எச் 1' அட்டவணையில் குளோர்டயாசிப்பாக்சைடும் இடம்பெற்றுள்ளது. மருத்துவரின் சீட்டின்றி இதனை விற்கக் கூடாது. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அதன் அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். அக்கட்டத்தைக் கண்டால், இது அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கி உண்ணும் மாத்திரையன்று என்பதை உணருங்கள்.

இதனை ஏற்கனவே நெடுநாளாக உண்டு வருவோருக்கு ஒரு வார்த்தை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சென்று, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து விடுபடும் முறையைக் கேட்டறியுங்கள். உண்ணும் காலத்தில் மதுவை அறவே தொடாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற கடும் வலி மருந்து ஆகியவற்றை இதனோடு சேர்த்தால் மூச்சே தடைப்படலாம். மயக்கம் தரும் மருந்தாதலால் வண்டி ஓட்டுவதும், கிணற்று மேட்டிலும் இயந்திரத்தினருகிலும் வேலை செய்வதும் தவிர்க்கத்தக்கவை.

முதியோர் விஷயத்தில்

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இம்மாத்திரைகள் இளையோரைவிட அதிகத் தீங்கு செய்யும். முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளென்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிட்டு வரும் பட்டியலில் டைசைக்ளோமினும், கிளிடினியம் குளோர்டயாசிப்பாக்சைடு கூட்டும் சேர்க்கப்பட்டுள்ளன.

காரணம் எளிது. ப்ராஸ்டேட் சுரப்பி பெருத்துள்ள முதியவருக்கு ஏற்கனவே சிறுநீர் தயங்கித் தயங்கி வரும். சிறுநீர்ப்பையை இம்மருந்து மேலும் தளர்த்தினால் முற்றிலும் அடைத்துக்கொள்ளும். சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண்மணி விரிந்து, அழுத்தம் திடீரென ஏறிப் பார்வையே பறிபோகலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று இடம் பொருள் தெரியாமல் பேசினால், வயதின் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல், புதிதாக என்ன மாத்திரை கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. இரவில் மயக்கத்தோடு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் நேர்கிறது. சளி, அரிப்பு ஆகியவற்றுக்குத் தரும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகளும் இதே வகை வறட்சியையும் மயக்கத்தையும் உண்டாக்குபவை. அவற்றோடு இதுவும் சேர்ந்தால் தீமை கூடும்.

கத்திரி வெயிலில் வயல்வேலை செய்வோரும் கவனிக்க. இம்மருந்து வியர்வையைக் குறைப்பதால் உடலின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். வெப்ப மயக்கம் ஏற்படும். மயாஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும், குடலடைப்பு உள்ளவர்களும் இதனைத் தொடவே கூடாது.

தாய்மார்களுக்கு

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை மாலை வேளையில் முகம் சிவக்க, கால்களை மடக்கிக்கொண்டு ஓயாமல் அழும்போது எந்தத் தாயின் மனமும் பதறும். "வயிற்றுவலிச் சொட்டு மருந்து கொடு" என்று சொல்ல வீட்டில் நால்வர் இருப்பர். சிறிது பொறுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு டைசைக்ளோமின் கொடுக்கவே கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை.

ஒரு காலத்தில் இது குழந்தைகளுக்குத் தாராளமாக வழங்கப்பட்டது. மருந்து அருந்திய சிசுக்கள் சிலருக்கு மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்பட்டதை 1984ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ இதழொன்று வெளியிட்டது. மூச்சு நின்றதும், வலிப்பு வந்ததும், உடல் துவண்டதும், மரணமும்கூடப் பதிவாகியுள்ளன. அதன் பின்னரே இத்தடை வந்தது. ஆயினும் மூத்த பிள்ளைக்கு வாங்கிய புட்டி வீட்டில் மிஞ்சியிருந்து, இளையதன் வாயில் இரண்டு சொட்டு விழுவது இன்றும் நிகழக்கூடியதே. பாலூட்டும் தாயும் இம்மருந்தை உண்ணலாகாது. அது தாய்ப்பாலின் வழியே குழந்தையைச் சேரும்.

பச்சிளங் குழந்தையின் இவ்வகை அழுகை பெரும்பாலும் ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை எட்டி, மூன்று நான்கு மாதங்களில் தானே மறைந்துவிடும். பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் வரச் செய்யுங்கள். மார்போடு அணைத்து உலாவுங்கள். தாய் களைத்தால் தந்தையும் பாட்டியும் முறை மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் குழந்தை பச்சை நிறமாக வாந்தியெடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வயிறு உப்பிப் பாலை மறுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வலி அடங்கியது, நோய்?

வலி என்பது உடல் நமக்கு விடுக்கும் செய்தி. இசிவு நீக்கி அச்செய்தியை நிறுத்துகிறது. செய்திக்குரிய காரணத்தை அகற்றுவதில்லை. சாதாரண இசிவில் இதனால் தீமை இல்லை. குடல்வால் அழற்சியில் இதுவே உயிருக்கு உலை வைக்கும். தொப்புளருகே தொடங்கி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கும் வலியை மாத்திரையால் மட்டுப்படுத்தி இரண்டு நாள் கடத்தினால், குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவிவிடும்.

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் மாத்திரையைத் தேட வேண்டாம், மருத்துவமனையை நாடுங்கள்:

1. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் நிலைத்து நிற்கும் வலி. நடந்தாலும் இருமினாலும் அது மிகுதல்.

2. வயிறு பலகை போல் இறுகியிருத்தல்.

3. வயிறு உப்பி, மலமும் காற்றும் வெளியேறாது, வாந்தி தொடர்தல்.

4. இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கரிய மலம்.

5. வலியுடன் கடுங்காய்ச்சல் அல்லது மஞ்சள் காமாலை.

6. மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென எழும் அடிவயிற்று வலியும் மயக்கமும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.

7. நடுத்தர வயதைக் கடந்தவர்க்கும் நீரிழிவு நோயாளிக்கும் மேல் வயிற்றில் அழுத்தும் வலி, உடன் வியர்வையும் மூச்சுத் திணறலும். "வாயு" என்று நாம் எண்ணுவது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.

இவ்வளவு அவசரமில்லாவிட்டாலும், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் மலங்கழிக்கும் பழக்கம் மாறுதல் ஆகியவற்றைச் சோதனை செய்யாமல் மாத்திரையால் மூடி மறைப்பது தவறு.

வீட்டில் கடைப்பிடிக்க

மருந்து வாங்கும்போது, அட்டையைக் கத்திரித்து இரண்டு மூன்று மாத்திரைகள் தருவது நம் ஊர் வழக்கம். அத்துண்டில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாது போகும். பெயரும் தேதியும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இயலாவிடில் உறையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரில்லாத மாத்திரையை வீட்டில் வைத்திராதீர்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது, மற்ற நோய்களுக்காக உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுசெல்லுங்கள். கண் அழுத்தம், சிறுநீர்த் தடை, ஆஸ்துமா, குடற்புண், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை அவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். அமிலத்தைத் தணிக்கும் மருந்தை இசிவு நீக்கியோடு ஒரே வேளையில் விழுங்காதீர்கள். இசிவு நீக்கி உடலில் சேர்வது குறையும். மெஃபெனமிக் அமிலம் கலந்ததை உணவுக்குப் பின்னரே உண்ணுங்கள். இரு வாரங்களில் பயன் தராத இசிவு நீக்கியை மேலும் தொடர்வதில் பொருளில்லை; மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். குளோர்டயாசிப்பாக்சைடு கலந்ததாயின், முன்னர்க் கூறியபடி, அவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

அளவுக்கு மீறி உண்டுவிட்டால், அல்லது குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். எத்தனை மருந்துகள் உள்ளே சென்றன என்பதை மருத்துவருக்குச் சொல்வது அந்த அட்டையே.

கூட்டு மருந்துகள் அனைத்தும் தீயவை என்று எண்ணிவிட வேண்டாம். தேவையற்ற கூட்டுகளை அரசே ஆராய்ந்து நீக்கி வருகிறது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டுகளும், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் 156 கூட்டுகளும் தடைசெய்யப்பட்டன. எஞ்சியவை, தகுந்த நோய்க்கு, தகுந்தவர்க்கு, குறுகிய காலம் பயன்படுமாயின் நன்மை தருபவையே.

அடிக்கடி வயிறு முறுக்கும் இயல்பினர், எந்த உணவுக்குப்பின் தொல்லை வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். பால், வெங்காயம், பூண்டு, பயறு வகைகள் ஆகியவற்றுள் ஒன்றோ இரண்டோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நேரத்தோடு உண்பதும், நாள்தோறும் நடப்பதும், போதிய உறக்கமும், மலச்சிக்கல் உள்ளவர்க்கு இசப்கோலும் நிறைந்த நீரும் பல மாத்திரைகளின் தேவையைக் குறைக்கும்.

இன்று மாலையே உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, வயிற்றுவலி அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கண்ணாடி தேவைப்படும் அளவுக்கு எழுத்து சிறிதாயின், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் காணும் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். இவற்றை யார் உண்ணலாகாது என்பதையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.